பின் சக்கரம் மட்டும் அகலமாக இருக்கலாமா?

உட்காரு தம்பி, டீ வரட்டும். உன் ஸ்விஃப்டுக்குப் பின்னால் மட்டும் அகலமான அலாய் வீல் மாட்டலாமா என்று கேட்டாய். காரணம் தெரியாமல் கேட்ட 'வேண்டாம்' மனசில் நிற்காது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த நஞ்சன்கூடு சாலையையே பார். அளகஞ்சி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்துப் போகும் டிராக்டருக்கு முன்னால் ஒல்லி டயர், பின்னால் ஆள் உயர டயர். எஞ்சினின் சக்தி பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. டிரெய்லரின் பாரமும் அங்கேதான் அழுத்துகிறது. முன் சக்கரத்துக்குத் திருப்புகிற வேலை மட்டுமே. பைக்கும் அப்படித்தான். கடகொளாவில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 4வி வண்டியில் முன்னால் 90 மி.மீ. டயர், பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள மாடலில் 130 மி.மீ. பழைய புல்லட்டுக்கும் பஜாஜ் சேத்தக்குக்கும் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். சேத்தக்கில் ஒரே ஸ்டெப்னி முன்னுக்கும் ஆகும், பின்னுக்கும் ஆகும். அந்த வசதிக்காகவே அதை நேசித்தவர்கள் உண்டு.

காருக்கு வருவோம். முன்னும் பின்னும் வேறு அகலம் என்றதும் எல்லோரும் போர்ஷேயைச் சொல்வார்கள். 911 கரேரா எஸ் காரில் முன்னால் 245, பின்னால் 305. ஆனால் அதே ஏற்பாடு நம் ஊர்த் தெருக்களில் ஓடிய மிக மலிவான காரிலும் இருந்தது. 2009-ல் விற்பனைக்கு வந்த டாட்டா நானோவில் முன் டயர் 135/70 ஆர் 12, பின் டயர் 155/65 ஆர் 12. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் பின் டயர் 20 மி.மீ. அகலம் கூடுதல், மொத்த உயரத்தில் சுமார் 12 மி.மீ. கூடுதல்.

ஒரு லட்ச ரூபாய்க்குள் கார் கொடுக்க ஒவ்வொரு ரூபாயையும் எண்ணியவர்கள் ஏன் இரண்டு வகை டயர் போட்டார்கள்? நானோவின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் பின்னால். வளைவில் எடை உள்ள பக்கம்தான் வெளியே போகத் துடிக்கும். பின்பக்கம் முதலில் பிடி விட்டால் வண்டி வாலை வீசித் திரும்பிவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைச் சமாளிக்க முடியாது. முன்பக்கம் முதலில் பிடி விட்டால் வண்டி வளையாமல் கொஞ்சம் நேராகப் போகப் பார்க்கும். பயத்தில் நாம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம், வேகம் குறைந்து வண்டி பிடிக்குள் வரும். அதனால் நானோவின் ஒல்லி முன் டயரை வெறும் சிக்கனம் என்று நினைத்துவிடாதே, அது பாதுகாப்புக்கான முடிவு. அந்த டயரை மாற்றி நாலுக்கும் 155 போட்டுவிடலாம் என்று யோசித்தவர்கள் இந்தச் சமநிலையைத்தான் கலைக்கப் பார்த்தார்கள்.

இப்போது உன் ஸ்விஃப்ட். எஞ்சின் முன்னால், இழுப்பும் முன் சக்கரத்தில். திருப்புவதும் அதுவே, பிரேக்கின் பெரும்பாரத்தைத் தாங்குவதும் அதுவே. பின் சக்கரம் ஏறக்குறைய உருண்டு வருகிறது, அவ்வளவுதான். பிடி தேவைப்படும் இடம் முன்னால் இருக்க, நீ அகலத்தைக் கொண்டுபோய்ப் பின்னால் வைக்கப் பார்க்கிறாய். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை ஒடித்தால், முன்பக்கம் இப்போதைவிடச் சீக்கிரம் நேராக இழுத்துக்கொண்டு போகும்.

அகலமான டயர் என்றால் ரோட்டைத் தொடும் பரப்பு பெருகிவிடும் என்று நினைக்கிறோம். அவ்வளவு பெருகாது. ஒரு சக்கரத்தின் மேல் 280 கிலோ இருக்கிறது, காற்று 30 பி.எஸ்.ஐ. என்றால், தொடும் பரப்பு தோராயமாக 130 சதுர சென்டிமீட்டர், ஒரு உள்ளங்கை அளவு. அகலம் கூட்டினால் அந்தத் தடம் நீளத்தில் குறுகி அகலத்தில் விரியும். காய்ந்த ரோட்டில் வளைவெடுக்க அது நல்லது, மறுக்க மாட்டேன். மழைக்காலத்தில் கதை மாறும். அகலத் தடம் தேங்கிய நீரைச் சீக்கிரம் வெளியே தள்ள முடியாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். மண்டகள்ளி விமான நிலையம் தாண்டி வேகம் பிடிக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால், உன் வண்டியின் பின்பக்கம் முதலில் மிதக்கும். காய்ந்தால் ஒரு குணம், நனைந்தால் நேர்மாறான குணம். எனக்கு இதுதான் பெரிய பயம்.

பஞ்சரை நினைத்துப் பார். குண்டல்பேட்டை தாண்டினால் பந்திப்பூர் காடு. 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைக்கும் கேட் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். உள்ளே வண்டியை நிறுத்தவே கூடாது. ஸ்டெப்னி ஒன்றுதான்; அது ஒரு முனைக்கு ஆகும், மறுமுனைக்கு ஆகாது. 2020-ல் விதி திருத்தப்பட்ட பிறகு, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். ஆனால் பக்கச்சுவர் கிழிந்தால் எந்தக் கிட்டும் கைகொடுக்காது.

செலவும் உண்டு. முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமமாக்குகிற வழி அடைபட்டுப்போகும். முன் சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்தான் வேகமாகத் தேயும் என்பதால் நஷ்டம் அதிகம். டயரின் உயரமும் மாறிவிட்டால், நாலு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டு வேலை செய்யும் ஏ.பி.எஸ். தப்புக் கணக்குப் போட வாய்ப்புண்டு. அளவு தப்பிய ரிம், ஆள் ஏறி உட்கார்ந்ததும் மட்கார்டில் உரசும்.

கம்பெனியே வேறு வேறு அகலத்தில் கொடுத்த வண்டியானால் அதை அப்படியே வைத்துக்கொள், ஒரு முனையை மட்டும் மாற்றாதே. உன் வண்டிக்கு, ஒதுக்கி வைத்த பணத்தில் கம்பெனி சொன்ன அளவிலேயே நாலு நல்ல டயர் வாங்கு. இரண்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், முன் சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் புது டயரைப் பின்னால் போடச் சொல். மழையில் வால் வீசாமல் இருக்க அதுதான் வழி. ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் காற்றழுத்தத்தை, டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பார்த்து வை.