எடையற்ற இடத்தில் தீ எப்படி எரியும்?

மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்கள். அதன் சுடர் ஏன் மேல்நோக்கிக் கூராக நிற்கிறது என்று சிந்தித்ததுண்டா? சூடான காற்று இலேசாகி மேலெழ, குளிர்ந்த காற்று கீழிருந்து வந்து சேர்கிறது. இந்த ஓட்டமே சுடரை நீட்டுகிறது.

எடையற்ற நிலையில் இவ்வோட்டம் இல்லை. அங்கே சுடர் மங்கிய நீல உருண்டையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாமலும் எரியும்! சர்வதேச விண்வெளி நிலையச் சோதனைகளில், சுடர் மறைந்த பின்னும் எரிபொருள் துளிகள் குறைந்த வெப்பத்தில் எரிந்துகொண்டிருந்ததை 2012இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

இத்தகைய சுடரை அளப்பது எப்படி? வெப்பமானியை நுழைத்தால் சுடரே கலைந்துவிடும். லேசர் ஒளி கலைக்காது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அலைநீள ஒளியை மட்டும் உறிஞ்சும். அந்த ஒளியைச் சுடரூடாகச் செலுத்தி, எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் வாயுவின் அளவும் வெப்பநிலையும் தெரிந்துவிடும்.

இதற்கு விண்வெளிக்கே போகவேண்டியதில்லை. ஜேர்மனியின் பிறேமன் நகரிலுள்ள கோபுரத்தில், சோதனைக் கருவிகள் அடங்கிய கூடு 110 மீற்றர் கீழே விழும். சுமார் 4.7 செக்கன்களே எடையற்ற நிலை. அதற்குள் அளந்து முடிக்க வேண்டும்!

ஏன் இத்தனை பாடு? 1997 பெப்ரவரியில் ரஷ்யாவின் 'மிர்' விண்வெளி நிலையத்தில், ஒட்சிசன் தரும் கருவி தீப்பற்றியது. உள்ளே ஆறு பேர். எங்கும் புகை. நல்லவேளையாக அனைவரும் தப்பினர். வீட்டில் தீப்பிடித்தால் நாம் வெளியே ஓடலாம். அவர்கள் எங்கே ஓடுவது? தீயின் குணத்தை முன்னரே அறிந்திருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.