பத்து யென்னுக்கும் பதிவு உண்டு! தெரியுமா?

சாவி, குடை, கொலுசுத் திருகாணி, ஆதார் அட்டை, ஒற்றைச் செருப்பு! தெருவுக்குத் தெரு தினமும் யாராவது எதையாவது தொலைத்துக்கொண்டேதான் இருக்கிறோம். அதே தெருவில் யாராவது அதைக் கண்டெடுத்துக்கொண்டும்தான் இருக்கிறார்கள். இந்த இருவரையும் சேர்த்துவைக்க உலகம் என்னென்ன செய்திருக்கிறது தெரியுமா? படித்தால் அசந்துபோவீர்கள்!

ஒரு நகரம், ஆண்டுக்கு 40 லட்சம் பொருள்!

ஜப்பானின் டோக்கியோ நகரில் மட்டும் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 40 லட்சம் பொருள்கள் கண்டெடுக்கப்பட்டுக் காவல்துறையிடம் வந்து சேர்கின்றன. 2018இல் இப்படி வந்த ரொக்கம் மட்டும் 380 கோடி யென்னுக்கு மேல்! அதில் முக்கால் பங்கு உரியவர் கைக்கே போய்விட்டது. நகரம் முழுவதும் சேரும் பொருள்களை வைக்க இயிதபாஷி என்ற இடத்தில் தனியாக ஒரு பெரிய மையமே நடத்துகிறார்கள்.

இதன் ரகசியம் 'கோபன்'. தெருமுனையில் இருக்கும் சின்னஞ்சிறு காவல் சாவடிக்கு அங்கே அதுதான் பெயர். 1874இல் டோக்கியோவில் தொடங்கிய இந்த ஏற்பாடு, இன்று நாடெங்கும் 6,000க்கும் மேற்பட்ட சாவடிகளாகப் பெருகியிருக்கிறது. பள்ளிப் பிள்ளை 10 யென் நாணயத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தாலும், காவலர் சிரித்து அனுப்பிவிட மாட்டார். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று முறையாகக் கேட்டு எழுதிக்கொள்வார். ஐந்து வயதில் இப்படி ஒரு மரியாதை கிடைத்த பிள்ளை, ஐம்பது வயதில் பணப்பை கிடந்தால் எங்கே போகும்? நேரே கோபனுக்குத்தான்!

நேர்மைக்கு 20 சதவீதம் வரை சன்மானம்!

ஜப்பானில் தொலைந்த பொருளுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. பொருள் திரும்பக் கிடைத்தவர், கண்டெடுத்தவருக்கு அதன் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் தர வேண்டும். கடையிலோ ரயில் நிலையத்திலோ கிடைத்திருந்தால் அந்தச் சன்மானத்தில் பாதி அந்த இடத்தை நடத்துபவருக்கு! தெருவில் கிடைத்ததை 7 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். கடை, நிலையம் என்றால் 24 மணி நேரம்தான். தாமதித்தால் சன்மான உரிமை போய்விடும். 3 மாதம் வரை யாரும் வரவில்லையா? பொருள் கண்டெடுத்தவருக்கே! ஆனால் கைபேசி, கடன் அட்டை போல ஒருவரின் சொந்த விவரங்கள் அடங்கிய பொருள்கள் மட்டும் எத்தனை காலம் ஆனாலும் கண்டெடுத்தவருக்குக் கிடைக்காது.

குடை கதைதான் வேடிக்கை. டோக்கியோவில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குடைகள் வந்து சேர்கின்றன. தேடி வருபவர்களோ நூற்றுக்கு ஒருவர்! அதனால் குடை, துணிமணி போன்றவற்றை 2 வாரத்திலேயே விற்றுவிடலாம் என்று சட்டமே வழிவிட்டிருக்கிறது.

சாலையோரம் 10 கோடி யென் மூட்டை!

1980 ஏப்ரல். டோக்கியோவின் பணக்காரக் கடைத்தெருவான கின்ஸாவில் லாரி ஓட்டுநர் ஒருவர் சாலையோரம் ஒரு துணி மூட்டையைப் பார்க்கிறார். பிரித்தால் உள்ளே 10 கோடி யென்! காவல்துறையிடம் ஒப்படைத்தார். நாடே பேசியது. உரியவர் மட்டும் வரவேயில்லை. அன்றைய சட்டப்படி 6 மாதம் காத்திருந்து, நவம்பரில் அத்தனையும் அவருக்கே வந்தது!

அடுத்து 1989. கவாசாகி நகரில் ஒரு மூங்கில் காட்டில் ஒரே மாதத்தில் இரண்டு முறை பணப்பை கிடைத்தது. மொத்தம் 20 கோடி யென்னுக்கு மேல்! செய்தி பரவியதும் அந்த மூங்கில் காட்டுக்கு ஆட்கள் படையெடுத்தார்கள். கடைசியில் ஒரு வணிகர்தான் அந்தப் பணத்தின் உரிமையாளர் என்று தெரியவந்தது. அவர் தொலைக்கவில்லை, தானே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்!

கடல் கொண்டுபோன பெட்டகமும் வந்தது!

2011 மார்ச் ஆழிப்பேரலைக்குப் பிறகு வடகிழக்கு ஜப்பானின் இடிபாடுகளில் ஏறக்குறைய 5,700 இரும்புப் பெட்டகங்கள் கிடைத்துக் காவல்துறையிடம் வந்தன. மீட்புப் பணியாளர்களும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுவந்து கொடுத்தவை. வீடே இல்லாமல் போன இடத்தில், பெட்டகத்துக்குள் இருந்த காகிதங்களை வைத்தே உரியவர்களைத் தேடிப் பிடித்து, பெரும்பாலான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், எழுதி வைத்த ஒரு பெயர் அங்கே எத்தனை பெரிய வேலை செய்திருக்கிறது!

அப்படியானால் ஜப்பானியர் எல்லாரும் உத்தமர்களா?

மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மார்க் வெஸ்ட் இதைத்தான் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். டோக்கியோவையும் நியூயார்க்கையும் ஒப்பிட்டு அவர் சொன்னது இதுதான்: மக்களின் குணம் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. எளிதில் புரியும் சட்டம், நடக்கும் தூரத்தில் ஒரு சாவடி, நிச்சயமான சன்மானம், தவறினால் தண்டனை என எல்லாம் சேர்ந்துதான் பொருளைத் திரும்பி வரவைக்கின்றன.

அதாவது கொடுப்பதற்கு ஓர் இடம் பக்கத்தில் இருந்தால் நல்லவராக இருப்பது சுலபம்! இடம் இல்லாத ஊரில், கொடுக்க நினைப்பவர்கூட இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு மறந்துபோவார்.

மூவருக்கும் ஆளுக்கு ஒரு காசு நட்டம்!

ஜப்பானியர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் பழங்கதை ஒன்று. சுவர் பூசும் தொழிலாளி ஒருவர் 3 பொற்காசுகள் அடங்கிய பையைக் கண்டெடுத்தார். தொலைத்த தச்சரைத் தேடிப் போய்க் கொடுத்தார். தச்சரோ, "என் கையை விட்டுப் போனது என்னுடையது அல்ல" என்று வாங்க மறுத்தார். கண்டெடுத்தவரும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். கைகலப்பே வந்துவிட்டது! வழக்கு நீதிபதி ஓவோகாவிடம் போனது. அவர் தன் பையிலிருந்து ஒரு காசு போட்டு நாலாக்கி, ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். 3 காசு கிடைத்திருக்க வேண்டிய இருவருக்கும் தலா ஒன்று குறைவு. நீதிபதிக்கும் ஒன்று போச்சு. மூவருக்கும் சம நட்டம், வழக்கு முடிந்தது! நம் மரியாதைராமன் கேட்டிருந்தால் கை கொடுத்திருப்பார்.

பணம் கூடினால் நேர்மையும் கூடுமா?

கூடும் என்கிறது 'சயன்ஸ்' இதழில் 2019இல் வந்த ஆய்வு! 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆய்வாளரின் ஆள் வங்கி, தபால் நிலையம், தங்கும் விடுதி, காவல் நிலையம் என்று போய், "இது தெருவில் கிடந்தது, எனக்கு அவசரம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். உள்ளே பெயர் அட்டை, மளிகைப் பட்டியல், ஒரு சாவி. சிலவற்றில் பணம் உண்டு, சிலவற்றில் இல்லை.

பணம் இல்லாத பர்ஸுக்காக உரியவரைத் தொடர்புகொண்டவர்கள் 100க்கு 40 பேர். பணம் இருந்ததற்கு 51 பேர்! இன்னும் பெரிய தொகை வைத்துச் சோதித்த மூன்று நாடுகளில் 72 பேர்! பொருளாதார நிபுணர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது அவர்களின் கணிப்பு இப்படி வரவில்லை. தொகை பெரிதாகப் பெரிதாக, 'வைத்துக்கொண்டால் நான் திருடன் ஆகிவிடுவேனே' என்ற கூச்சமும் பெரிதாகிறதாம்.

சாவியிலும் ஒரு சூட்சுமம்! எடுத்தவருக்குச் சாவியால் காலணா பயன் இல்லை. தொலைத்தவருக்கோ அது இல்லாமல் வீட்டுக்குள் போக முடியாது. பணத்தோடு சாவியும் இருந்தபோது திரும்ப வந்த பர்ஸ்கள் இன்னும் கூடின. அடுத்தவர் படும் பாடு மனசில் உறைத்தால் கை தானாகக் கொடுத்துவிடுகிறது!

புகார் நகரில் பூட்டு இல்லாத சரக்கு மேடை!

ஜப்பான் வரை ஏன் போக வேண்டும்? சிலப்பதிகாரம் காட்டும் புகார் என்ற காவிரிப்பூம்பட்டினத்தில் வெள்ளிடை மன்றம் என்று ஒன்று. வெளியூர் வணிகர்கள் தங்கள் பெயரும் அளவும் எழுதிய சரக்கு மூட்டைகளைத் திறந்த வெளியில் போட்டுவிட்டுப் போவார்கள். கதவு கிடையாது, பூட்டு கிடையாது, காவலாளும் கிடையாது! எவனாவது கை வைத்தால், அந்த மூட்டை அவன் தலையிலேயே ஏறி, கழுத்து கடுக்கச் சுற்றவைக்குமாம். இந்திரவிழவூரெடுத்த காதையில் வருகிறது. அங்கேயும் பொருளின் மேல் பெயர் எழுதியிருக்கிறது, கவனித்தீர்களா?

தொலைந்ததைத் தேடித் தரும் அம்மன்!

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்ற பெயரும் உண்டு. அம்மன் உருவம் பொறித்த காசையே சமஸ்தானம் வெளியிட்டது. மூக்குத்தி காணவில்லையா, பத்திரம் காணவில்லையா, வெல்லம் வைத்து இவளை வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்றும் வீடுகளில் இருக்கிறது. அடுத்த வீட்டில் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி எரியும். தொலைந்த பொருள்களுக்கு அவர்தான் பாதுகாவலர் என்பது உலகெங்கும் கத்தோலிக்கர் நம்பிக்கை.

குப்பைத் தொட்டியில் வைர மாலை!

2024 ஜூலை, சென்னை. மகள் கல்யாணத்துக்காக வைத்திருந்த 5 லட்சம் ரூபாய் வைர மாலை தவறிப்போய்க் குப்பையோடு போய்விட்டது. வீட்டுக்காரர் தகவல் சொன்ன உடனே தூய்மைப் பணியாளர்கள் தொட்டியைக் கிளறினார்கள். வாடிய பூமாலையில் சிக்கிக் கிடந்தது வைரம்! அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஈரோட்டில் 2018இல் இரண்டாம் வகுப்புச் சிறுவன் சாலையில் கிடந்த 50,000 ரூபாயை ஆசிரியரிடம் கொடுக்க, அது காவல்துறைக்குப் போனது. ரஜினிகாந்த் அழைத்துப் பாராட்டினார். அந்தப் பிள்ளையின் கதை தமிழ்நாட்டு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே ஏறிவிட்டது!

எடுத்த நிமிடமே பொறுப்பு உங்கள் தலையில்!

கீழே கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போனால் சட்டம் உங்களைக் கேட்காது. கையில் எடுத்தால் கேட்கும்! 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவுப்படி, எடுத்தவர் அதை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் போலக் காக்க வேண்டும். உரியவரைத் தேட ஆன செலவைத் தரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். உரியவர் இவ்வளவு பரிசு என்று அறிவித்திருந்தால், அதைக் கேட்டு வழக்கே போடலாம்!

ஆனால் உரியவரைத் தேடாமல் மோதிரத்தை உடனே விற்றுக் காசாக்கினால் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. மண்ணுக்குள் புதைந்த புதையல் என்றால் 1878ஆம் ஆண்டுச் சட்டம் வரும்: 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆம், பத்தே ரூபாய்!

15 இலக்கத்தில் உங்கள் கைபேசியின் ஜாதகம்!

உங்கள் கைபேசியில் *#06# அழுத்துங்கள். திரையில் 15 இலக்க எண் வரும். இப்போதே குறித்து வையுங்கள். கைபேசி தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இந்த எண்ணை முடக்கிவிடலாம். வேறு சிம் போட்டாலும் நம் நாட்டு நெட்வொர்க் எதிலும் வேலை செய்யாது. 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இந்த வசதி உண்டு.

தொலைவது பொருள் மட்டுமா? காணும் பொங்கலன்று மெரினாவில் குழந்தைகள் கையில் போலீசார் பெற்றோரின் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். எழுதிய ஓர் எண் இருந்தால் போதும், அத்தனை கூட்டத்திலும் பிள்ளை அம்மாவிடம் வந்துவிடும்!

உங்கள் தெருவிலும் ஒரு கோபன் வைக்கலாமே!

காவலர் சாவடிதான் வேண்டும் என்றில்லை. மளிகைக் கடையோ, அடுக்ககத்தின் செக்யூரிட்டி மேசையோ, குடியிருப்போர் சங்க அறையோ போதும். 'கண்டெடுத்தது இங்கே' என்று ஒரு பலகை, ஒரு நோட்டுப் புத்தகம். பொருள், கிடைத்த இடம், தேதி, கொடுத்தவர் பெயர், பெற்றவர் கையெழுத்து என ஐந்து கட்டம். ரொக்கம் என்றால் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி எழுதுங்கள். நகை, பெரிய தொகை, ஆவணம் எல்லாம் தாமதிக்காமல் காவல் நிலையத்துக்குப் போகட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் போடும்போது மட்டும் கவனம்! "தங்க வளையல், உள்பக்கம் இன்ன எழுத்து" என்று முழுசாகப் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம். "ஒரு வளையல் கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்" என்று நிறுத்துங்கள். ஆதார், வங்கி அட்டைகளின் படத்தை எண்ணோடு குழுவில் போடவே வேண்டாம். பெயரும் தெருவும் போதும். கண்டெடுத்த கைபேசியை அணைக்காமல் வையுங்கள். தொலைத்தவர் எப்படியும் அதற்குக் கூப்பிடுவார்!

கடைசியாக ஒன்று. உங்கள் சாவிக்கொத்தில் இன்றைக்கே ஒரு கைபேசி எண்ணை எழுதித் தொங்கவிடுங்கள். வீட்டு முகவரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். சாவியையும் கொடுத்து, வழியையும் காட்டினால் அப்புறம் எந்தச் சட்டம் வந்து என்ன பயன்!