முதுகுக்கும் ஒரு மதிப்பீடு

கோவண்டியின் சிவாஜி நகரிலும் பைங்கன்வாடியிலும் ஜரிகைப் பூவேலைக் கூடங்கள் பல உள்ளன. 'அட்டா' எனப்படும் மரச்சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, அதைச் சுற்றித் தரையில் அமர்ந்து வேலை செய்கின்றனர். ஒரு கை சட்டத்தின் மேலே ஊசியுடன். மறு கை கீழே நூலுடன். கழுத்து நாள் முழுவதும் குனிந்தே இருக்கும்.

கடன் விண்ணப்பம் ஒன்றின் பொருட்டு அத்தகைய கூடம் ஒன்றைப் பார்வையிட்டேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, எட்டடி உயரக் கூரை, எட்டுப் பேர். தொழிலாளர் உறங்கும் பரணுக்குச் செல்லும் இரும்பு ஏணி வாசலை ஒட்டியே நின்றது. அதனடியில் சமையல் எரிவாயு உருளை. தீப்பற்றினால் மேலிருப்போர் எவ்வழியே இறங்குவர்?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. அவ்வறையின் கொள்ளளவு ஏறத்தாழ 27 கன மீட்டர். இருவருக்கே போதாது! ஆனால் 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பின்படி, மின்விசையுடன் 20 பேரோ, மின்விசையின்றி 40 பேரோ பணிபுரியும் இடமே தொழிற்சாலை. ஆகவே இத்தகைய கூடங்களின் அமைப்பு பெரும்பாலும் உரிமையாளரின் மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் வந்த சட்டத் திருத்தம் கடைகளில் நின்றே பணிபுரிவோருக்கு இருக்கை பெற்றுத் தந்தது. குனிந்தே இருப்போருக்கு அவ்வாறு எதுவும் வந்ததாக நான் அறியேன்.

பாதுகாப்பு வல்லுநர் கூறும் வரிசை எளியது. முதலில் ஆபத்தையே அகற்றுக. இயலாதெனில் தடுப்பு அமைக்க. எச்சரிக்கைப் பலகையும் முகக்கவசமும் கடைசியில். நம்மவர் பெரும்பாலும் பலகையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றனர். இங்கே செய்ய வேண்டியவை: சட்டத்தை முழங்கை உயரத்திற்கு உயர்த்தும் தாங்கிகள், சாய்மானமுள்ள இருக்கை, கையின் நிழல் துணியில் விழாதவாறு பக்கவாட்டில் விளக்கு, ஏணிக்கும் உருளைக்கும் வேறிடம். பெருஞ்செலவன்று, எந்திரக் கடனுக்கான திட்ட மதிப்பீட்டிலேயே இவற்றையும் சேர்த்துக் கேட்கலாம்.

பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் (வயது 18 முதல் 70 வரை) ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்தில் மரணத்திற்கு 2 இலட்சமும், ஒரு கண் பார்வையை முற்றிலும் இழந்தால் 1 இலட்சமும் கிடைக்கும். தொழிலாளர் அனைவரையும் சேர்த்துவிடுங்கள். எனினும் அது விபத்துக்கு மட்டுமே. ஆண்டுக்கணக்கில் மங்கும் கண்ணுக்கும் தேயும் முதுகுக்கும் அதில் இழப்பீடு இல்லை.

அவ்வுரிமையாளர் தையல் எந்திரம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, தாங்கிகளையும் இருக்கைகளையும் சேர்த்துப் புதிய மதிப்பீடு கொடுத்தார். அடுத்த பார்வையின்போது ஏணி இடம் மாறியிருந்தது. உருளை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அதை மாற்றிய பின்னரே எஞ்சிய தொகை விடுவிக்கப்படும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.