நாலு சைக்கிள் கீமோ: வரவும் செலவும்

உயரம் 160 செ.மீ., எடை 58 கிலோ. நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றப்போகும் ஒருவரின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. இந்த இரண்டையும் வைத்துப் போட்டால் உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர். ஸ்குவாமஸ் அல்லாத வகைக்குப் பரவலாகத் தரும் பெமெட்ரெக்செட், சதுர மீட்டருக்கு 500 மி.கி. ஆக, ஒரு சைக்கிளுக்கு 800 மி.கி.: 500 மி.கி. குப்பி ஒன்று, 100 மி.கி. குப்பி மூன்று. 21 நாளுக்கு ஒருமுறை. முதல் கட்டத்தில் பெரும்பாலும் 4 சைக்கிள். போகும்போதெல்லாம் எடை பார்ப்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. ஆள் மெலிந்தால் மருந்தின் அளவும் மாறும்.

2019-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 சதவீதம் என்று வரம்பு கட்டியது. அதற்குமுன் ஒரு நிறுவனத்தின் பெமெட்ரெக்செட் 500 மி.கி. ரூ.22,000, 100 மி.கி. ரூ.7,700. பிறகு ரூ.2,880, ரூ.800. நம் 58 கிலோ ஆளுக்கு ஒரு சைக்கிள் ரூ.45,100-லிருந்து ரூ.5,280-க்கு இறங்கியது. நாலுக்கும் சேர்த்து ரூ.1,80,400 ஆகியிருக்க வேண்டியது ரூ.21,120. மருந்தில் ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. இடையில் நின்றவர்களின் பங்கு குறைந்தது, அவ்வளவுதான்.

கூடவே எழுதித் தரும் சில்லறை மாத்திரைகளைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ஃபோலிக் அமிலம் முதல் ஊசிக்கு 7 நாள் முன்பிருந்து கடைசி ஊசிக்கு 21 நாள் பின்புவரை தினமும்: சுமார் 91 நாள். பி12 ஊசி 9 வாரத்துக்கு ஒன்றாக 2. டெக்சாமெத்தசோன் 4 மி.கி. மாத்திரை சைக்கிளுக்கு 6 வீதம் 24. வைட்டமின்களை விட்டால் ரத்த அணுக்கள் சரியும், வாய் புண்ணாகும், அடுத்த சைக்கிள் தள்ளிப்போகும். அதற்காக மறுபடி அட்மிட் ஆகும் செலவு எந்தச் சீட்டிலும் முன்கூட்டி எழுதியிருக்காது.

ரயிலுக்கும் கணக்கு உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். துணைக்கு வந்தவர் இழந்த நாள்கூலிக்கு மட்டும் இந்தப் பட்டியலில் எங்கும் வரவு இல்லை.

இன்னொரு கணக்கு 2010-ல் வெளியானது. பாஸ்டனில் நோய் பரவிய நிலையில் இருந்த 151 நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே வலிநிவாரண (பாலியேட்டிவ்) குழுவின் கவனிப்பும். மனச்சோர்வு முதல் குழுவில் 38 சதவீதம், இரண்டாவதில் 16. இடைநிலை (மீடியன்) ஆயுள் 8.9 மாதமும் 11.6 மாதமும். ‘பாலியேட்டிவ்’ என்று டாக்டர் சொன்னதுமே ‘கைவிட்டுட்டாங்க’ என்று அழும் குடும்பங்களுக்கு இந்த 2.7 மாதத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்தக் குழுவிடம் நோயாளியை அனுப்ப வேண்டியது நாலாவது சைக்கிள் முடிந்த பிறகு அல்ல, முதல் சைக்கிளின்போதே.