சினத்தை அளக்கும் சொற்கள்

காப்பாரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் சாலையில் காலை வேளையில் கனவுந்துகள் ஊர்ந்து செல்கின்றன. பள்ளிக்கு நேரமாகிவிட்ட மாணவன், “ஒரே ‘அனோய்’யா இருக்கு” என்கிறான். காரை ஓட்டும் தந்தை, “எரிச்சலா இருக்குன்னு சொல்லுப்பா” என்று திருத்துகிறார். இரு சொற்களும் ஒரே உணர்வைச் சுட்டுகின்றன. ஆனால், அவை பிறந்த விதம் வேறு.

‘அனோய்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அங்கு, ‘இன் ஓடியோ’ என்ற தொடருக்கு ‘வெறுப்பில்’ என்பது பொருள். அத்தொடரிலிருந்து பிறந்த வினைச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. காலப்போக்கில் அதன் கடுமை தேய்ந்தது. இன்று காதருகே ரீங்காரமிடும் கொசுவின் தொல்லையைக்கூட அச்சொல் குறிக்கிறது.

தமிழில் ‘எரிச்சல்’ என்பது ‘எரி’ என்னும் வேரிலிருந்து வந்தது. கண்ணில் தூசு விழுந்தாலும் எரிச்சல். மனம் நொந்தாலும் எரிச்சல். இளையோர் பேச்சில் வழங்கும் ‘கடுப்பு’ என்ற சொல்லும் இத்தகையதே. நெடுநேரம் நின்றால் கால் கடுக்கிறது. பொறுமை இழந்தால் மனம் கடுக்கிறது. உடலின் வலியே மனத்தின் வலிக்கும் பெயராகியுள்ளது.

பெருஞ்சினத்துக்குத் தமிழில் ‘வெகுளி’ என்ற பழஞ்சொல் உண்டு. தொல்காப்பியம் கூறும் 8 மெய்ப்பாடுகளுள் இதுவும் ஒன்று. வெறுப்பிலிருந்து வெகுளி பிறக்கிறது என்கிறது அந்நூல். கொலை போன்ற கொடுஞ்செயல்களையே அதற்குக் காரணங்களாகக் காட்டுகிறது. திருவள்ளுவரும் ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே படைத்துள்ளார். இன்றோ, கள்ளம் கபடம் அறியாதவரையும் ‘வெகுளி’ என்கிறோம்.

சினம் எல்லை மீறித் தன்னிலை மறந்து தாக்கும் நிலையை மலாய்மொழி ‘அமோக்’ என்கிறது. ஆங்கிலமும் அச்சொல்லைக் கடன் வாங்கியுள்ளது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் வழியாகவே அது ஐரோப்பாவில் பரவியது.

எரிச்சல், வெகுளி, அமோக் ஆகிய மூன்றும் சினத்தின் வெவ்வேறு படிகள். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அறிந்தவரால் அடுத்த படிக்குச் செல்லாமல் நின்றுவிட முடியும். முன்னே செல்லும் கனவுந்து மெதுவாக நகர்வது எரிச்சல் தரலாம். ஆனால், அது வெறுப்புக்குரிய குற்றமன்று. உணர்வுக்குச் சரியான பெயரிடுவது அதை அடக்கியாள்வதற்கான முதல் படியாகும்.