கணக்கில் வராத மரணங்களும் நோயாளிகளின் பாதுகாப்பும்

புது தில்லி: 2021ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி அதிகாலை, குஜராத் மாநிலம் பரூச் நகரில் உள்ள படேல் வெல்ஃபேர் மருத்துவமனையின் கரோனா பிரிவில் தீப்பற்றியது. நோயாளிகள் 16 பேரும் செவிலியர் இருவரும் உயிரிழந்தனர். அதே நாள் நண்பகலில், தலைநகர் தில்லியின் பத்ரா மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. அடுத்த லாரி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. நோயாளிகள் 12 பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர், அதே மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்ப் பிரிவின் தலைவராகப் பணியாற்றிய மருத்துவர்.

நோயாளியின் பாதுகாப்பு வேறு, மருத்துவ ஊழியரின் பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க இயலாது என்பதை அந்த ஒரு நாளே உணர்த்திவிட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஆம் தேதியை நோயாளி பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கும் உலக சுகாதார நிறுவனம், 2020ஆம் ஆண்டுக்கு மருத்துவ ஊழியர்களின் பாதுகாப்பையே கருப்பொருளாக அறிவித்தது. கவச உடை, தனிமைப்படுத்திக்கொள்ள இடம், முறையான ஊதியம், போதிய ஆள்பலம் என்று நம் நாட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் எழுப்பிய கோரிக்கைகளின் உட்பொருளும் அதுவே.

இவற்றை வெறும் தொழிற்சங்கக் கோரிக்கைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. கவச உடைக்குள் மணிக்கணக்கில் தண்ணீர்கூட அருந்தாமல் நிற்கும் செவிலியரின் களைப்பு, மருந்தின் அளவில் பிழையாக முடியக்கூடும். தொற்றுக்கு ஆளான ஊழியருக்குத் தனிமை வசதி இல்லையேல், நோய் அவர் மூலமாகவே அடுத்த படுக்கையைச் சென்றடையும்.

சட்டமும் நடைமுறையும்: 2020 ஏப்ரலில், கரோனாவுக்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கும்பல் தாக்குதல் நடத்தியது நாட்டையே உலுக்கியது. அடுத்த சில நாள்களில், 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. மருத்துவ ஊழியர்களுக்குக் கொடுங்காயம் விளைவிப்போருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க அது வழிவகுத்தது. வரவேற்கத்தக்க சட்டம்தான். எனினும், வேலை நேரம் பற்றியோ கவச உடையின் தரம் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஊழியர்களின் ஊதியத்தையும் தனிமை வசதியையும் உறுதிசெய்யுமாறு 2020 ஜூன் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதற்கு நான்கு மாதங்களுக்குள், தில்லி மாநகராட்சியின் இந்து ராவ் மருத்துவமனை மருத்துவர்கள் நிலுவைச் சம்பளம் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினர். அங்கிருந்த கரோனா நோயாளிகள் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். மருத்துவரின் சம்பளப் பிரச்னையும் இறுதியில் நோயாளியின் தலையிலேயே விடிந்தது.

தீத் தடுப்பிலும் இதே கதைதான். ராஜ்கோட் மருத்துவமனைத் தீ விபத்தை அடுத்து, கரோனா மருத்துவமனைகள் அனைத்திலும் தீ பாதுகாப்புத் தணிக்கை நடத்த வேண்டும் என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்து மாதங்கள்கூட நிறைவடைவதற்குள் பரூச் எரிந்தது.

கைவிரித்த நாடாளுமன்ற பதில்கள்: கொள்ளைநோயில் உயிரிழந்த மருத்துவ ஊழியர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் கேட்கப்பட்டபோது, சுகாதாரம் மாநில அரசுகளின் பொறுப்பு என்றும், அத்தகைய புள்ளிவிவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை என்றும் அரசு பதிலளித்தது. இந்திய மருத்துவ சங்கம் கொதித்தெழுந்து 382 மருத்துவர்கள் அடங்கிய பட்டியலை வெளியிட்டது. பின்னர் 2021 பிப்ரவரியில், 162 மருத்துவர்கள், 107 செவிலியர்கள், 44 ஆஷா பணியாளர்கள் இறந்ததாக அரசு தெரிவித்தது. மருத்துவர்கள் மட்டுமே 700 பேருக்கு மேல் என்றது சங்கம்.

நோயாளிகளின் விஷயத்திலும் நிலைமை வேறாக இல்லை. ஆக்சிஜன் பற்றாக்குறையால் ஏற்பட்டவை எனக் குறிப்பிட்டு எந்த மரணத்தையும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்று 2021 ஜூலை 20ஆம் தேதி மாநிலங்களவையில் மத்திய அரசு கூறியது. மாநிலங்கள் எழுதி அனுப்பவில்லை. ஆகவே மத்திய அரசின் ஏட்டிலும் இல்லை. ஆனால், ஆக்சிஜன் அழுத்தம் குறைவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு செயலற்று நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நடந்தது என்னவென்று தெரியும்.

கணக்கு என்பது வெறும் சடங்கல்ல. கருப்புப் பூஞ்சை நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகக் கருதுமாறு 2021 மே மாதம் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நோயாளிகளின் எண்ணிக்கை வெளிவந்தது. அதனடிப்படையில் மாநிலங்களுக்கு ஆம்போடெரிசின் மருந்து பங்கிடப்பட்டது. ஸ்டீராய்டு மருந்துகளைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கையும் வலுப்பெற்றது. எண்ணப்பட்ட தீங்குக்கு மருந்து கிடைத்தது. எண்ணப்படாத தீங்குக்கு என்ன கிடைக்கும்?

செய்ய வேண்டியது என்ன? 2018 முதல் 2025 வரையிலான தேசிய நோயாளி பாதுகாப்புச் செயல்திட்டத்தை மத்திய அரசு ஏற்கெனவே வகுத்திருந்தது. சிகிச்சையின்போது நேரும் தீங்குகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்து பாடம் கற்கும் ஏற்பாடு அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அந்தக் காலகட்டத்தின் நடுவில்தான் கொள்ளைநோய் வந்துபோனது. ஏட்டில் இருந்த ஏற்பாடு வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தால், பத்ராவிலும் பரூச்சிலும் நிகழ்ந்தவை முறையாகப் பதிவாகி, பிற மருத்துவமனைகளுக்குப் பாடமாகியிருக்கும்.

தவறையோ பற்றாக்குறையையோ எடுத்துச் சொல்லும் செவிலியருக்கு இன்று காத்திருப்பவை விளக்கம் கேட்கும் கடிதமும், உறவினர்களின் ஆத்திரமும்தான். அந்த அச்சம் நீங்காதவரை எந்தச் செயல்திட்டமும் உயிர்பெறாது. உண்மையைச் சொல்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு, சுயேச்சையான விசாரணை, அதன் முடிவுகளை வெளியிடும் கடமை ஆகிய மூன்றையும் அடுத்த கொள்ளைநோய் வருமுன் அரசு உறுதிசெய்ய வேண்டும்.

நோயாளியாகப் படுத்திருந்து, தம் சொந்த மருத்துவமனையிலேயே மூச்சுக் காற்றின்றி மறைந்த அந்த மருத்துவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கடமையாற்றிய ஊழியர்களின் பட்டியலிலா, கைவிடப்பட்ட நோயாளிகளின் பட்டியலிலா? இரண்டிலும் சேர்க்க வேண்டியவர் அவர். ஆனால், அந்த இரண்டாவது பட்டியல் மத்திய அரசிடம் இல்லை.