குறைந்த முதலில் கடல்மீன் தொட்டி

கடையில் நன்னீர் மீன் தொட்டி வைத்திருக்கும் வணிகர்கள் பலருக்குக் கடல்மீன் வளர்க்கவும் ஆசை உண்டு. செலவுக்கு அஞ்சித் தயங்குகின்றனர். எதில் சிக்கனம் கூடும், எதில் கூடாது என்று தெரிந்தால் அளவான முதலிலேயே வைக்கலாம்.

முதலில் சட்டத்தைக் கவனிப்போம். கடின பவளங்களும் கடல் குதிரைகளும் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலில் எடுத்த பவளத்தை, அது உயிரற்ற கல்லாக இருந்தாலும், வாங்குவதும் விற்பதும் குற்றம். சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று யார் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

பவளத்தை விட்டுவிட்டால் செலவும் குறைகிறது. பவளத்துக்குத்தான் விலை உயர்ந்த விளக்கு தேவை. மீனுக்குச் சாதாரண எல்.இ.டி. விளக்கே போதும். பாறைக்குப் பதிலாக மெருகிடாத சுட்ட மண் ஓடுகளைக் குகை போல அடுக்கலாம். தரையில் கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் தூளைக் கழுவிப் பரப்பலாம்.

3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டி சுமார் 127 லிட்டர் கொள்ளும். இதைவிடச் சிறியது வேண்டாம். தண்ணீர் குறைந்தால் சூடும் உப்பும் விரைவில் மாறிவிடும். எடை 150 கிலோவை எட்டும் என்பதால் தாங்கி உறுதியாக இருக்கட்டும்.

உப்பில் சிக்கனம் கூடாது. சமையல் உப்பு உதவாது. மீன் தொட்டிக்கென விற்கும் கடல் உப்பை, குளோரின் நீக்கிய தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். 100 லிட்டருக்கு 3½ கிலோ ஆகும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

காலத்திலும் சிக்கனம் கூடாது. பம்பும் வடிகட்டியும் ஓடத் தொடங்கியதும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, 4 முதல் 6 வாரம் காத்திருங்கள். தீனி அழுகி வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அதற்குள் பெருகும். சோதனை மருந்தில் முதல் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடலாம். அவசரப்படுவோர் நட்டப்படுவது இங்கேதான்.

கோமாளி மீன் ஒரு ஜோடியுடன் தொடங்குங்கள். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் ஆராய்ச்சி நிலையங்கள் இம்மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன. பண்ணையில் பிறந்த குஞ்சு கடலில் பிடித்ததைவிடத் தொட்டிக்கு எளிதில் பழகும். சென்னை கொளத்தூரில் வாங்கினாலும் பண்ணை மீனா என்று கேட்டு, பில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.